எட்டுக் கலி யானைப் பாவாடை

பிறருடைய துணியை வெட்ட அவருக்கு மூன்று நிமிடம் போதும். தம்முடைய துணியை வெட்ட ஒன்றரை ஆண்டு போதவில்லை. இந்த முரணை விளங்கிக்கொண்டவர்கள் எங்கள் கீழ்வீட்டு அத்தையை முழுமையாக விளங்கிக்கொண்டவர்கள். நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் விளங்கிக்கொண்டதாக மேடையேறிப் பேசத் தயாராக இருந்தேன்.

ஒத்தக்கடையில் மேலூர்ச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு பக்கம் யானைமலையும் மறுபக்கம் புதிது புதிதாக எழும்பும் வீடுகளுமாக ஒரு தெரு. அதில் மாடியில் நாங்கள். கீழே அத்தையும் அவர் கணவரும். இரத்த உறவு ஏதுமில்லை. என் அம்மா அவரை அண்ணி முறையில் மைனி என்று அழைத்ததால் எனக்கு அவர் அத்தை. நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்த அவர் கணவர் எனக்கு மாமா. இப்போது அவர்கள் திருவாதவூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார்கள். கீழ்வீட்டு முன்னறையில், அவருடைய தையல் இயந்திரம் இருந்த சன்னலோரத்தில், இன்று யாரோ தண்ணீர்க் கேன்களை அடுக்கியிருக்கிறார்கள்.

அத்தை வெட்டுகிறபோது துணியைப் பார்த்து நான் கண்டதில்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். கத்திரி தன் பாட்டுக்கு ஓடும். "அப்பறம், ஒங்க மருமக வந்துட்டாளா?" என்று கேட்டு முடிப்பதற்குள் முன்பக்கம் விழும். "வந்தவ பேசுறாளா?" என்பதற்குள் பின்பக்கம். உள்பாவாடை என்றால் கேள்வி கூடத் தேவையில்லை. மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளுக்குக் கலி என்று பெயர். ஒன்றைத் தலை மேலாகவும் அடுத்ததைத் தலை கீழாகவும் மாற்றி மாற்றிப் போட்டால் துணி வீணாகாது. இருபது ஆண்டுகளாக அத்தையின் கை அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தது. மனம் அதில் தலையிட்டதே இல்லை.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மாவட்டத்தில் எங்கு சொற்போட்டி நடந்தாலும் என் பெயர் முதலில் எழுதப்படும். பரிசுக் கோப்பைகளை வைக்க எங்கள் வீட்டு அலமாரியில் இடமில்லை என்று சொன்னால் அது மிகையன்று, அலமாரி சிறியது. போட்டிக்கு முன்னால் பேச்சை ஒத்திகை பார்க்க எனக்கு ஓர் அவை வேண்டும். அம்மா இரண்டாவது நிமிடத்தில் "அடுப்புல பால் இருக்குடி" என்று எழுந்துவிடுவார். அத்தை எழ மாட்டார்.

"நீ பேசுத்தா," என்பார். "நீ பேசுனா என் கை தன்னால ஓடுது."

நான் அவரையே நடுவராக நியமித்து, "நடுவர் அவர்களே!" என்று தொடங்குவேன். அவரும் அந்தப் பதவியை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கத்திரியை ஒருமுறை தரையில் தட்டி, "ம், ஆரம்பிங்க," என்பார். நான் முழங்கி முடித்த பிறகு தீர்ப்புக்காக நிற்பேன். நெடுநேரம் யோசித்துவிட்டு அவர் சொல்வார்: "தீர்ப்பு நாளைக்கு."

எத்தனையோ ஒத்திகைகள் நடந்தன. ஒரு தீர்ப்பும் வந்ததில்லை.

தமக்கென்று எதைச் செய்வதானாலும் அவர் இப்படித்தான். கொடைக்கானல் போக நான்கு ஆண்டுகளாகத் திட்டம் வைத்திருந்தார். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தத் திருப்பத்தில் தலை சுற்றும், அதற்கு எலுமிச்சம்பழம் எத்தனை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குளிருக்கென்று இரண்டு மஃப்ளர்களும் வாங்கியாகிவிட்டன. மார்கழி விடியலில் பேருந்தின் முதல் நடைக்குப் போகிற மாமா அவற்றில் ஒன்றைக் காதில் சுற்றிக்கொள்வார். "கொடைக்கானலு வராட்டி என்னத்தா, கொடைக்கானல் சாமான் வந்துருச்சுல்ல," என்பார்.

இத்தகைய ஒருவரின் கையில்தான் அந்தத் துணி வந்து சேர்ந்தது.

திருப்பூரில் துணிக்கு அச்சுப் போடும் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பி அனுப்பியது அது. மாதிரிக்காக அச்சிட்டுப் பார்த்துக் கைவிட்ட வடிவம், இனி வராது. காய்ந்த வைக்கோல் நிறத்துப் பருத்தி. அதன்மேல் வரிசை வரிசையாகக் கருநீல யானைகள். ஒவ்வொன்றும் முன்னால் போவதன் வாலைத் துதிக்கையால் பிடித்திருந்தது. வரிசைக்கு ஒரு குட்டி. அது மட்டும் வாலை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தது. மொத்தம் இரண்டரை மீட்டர்.

அத்தை அதைத் தரையில் விரித்து, சுற்றி வந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாவாடை தைக்கப் போறேன்."

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான்."

உள்பாவாடை அல்ல. சேலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளாத, கணுக்கால் வரை நீண்ட, மேலே ஒரு சட்டையோடு போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற பாவாடை. "பதிமூணு வயசுல சடங்கு சுத்துன அன்னிக்குக் கழட்டுனது. அதுக்கப்பறம் தாவணி, சேலை. ஊருக்கெல்லாம் பாவாடை தைக்கிறேன், வெளிய தெரியிற மாதிரி எனக்கு ஒன்னு இல்ல. இதைப் போட்டுக்கிட்டு பஸ்ல போகணும். பை வேணும், பாத்துக்க. கையை உள்ள விட்டா முழங்கை வரைக்கும் போகணும்."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தடையாக வீட்டில் யாரும் இல்லை. மாமாவிடம் சொன்னபோது அவர், "போட்டா போடு. பஸ்ல ஏறுறப்பத் தடுக்காமப் பாத்துக்க," என்றதோடு சரி. தடை என்று ஒன்று இருந்தால் அது கத்திரிக்கும் துணிக்கும் நடுவிலிருந்த அந்தக் கையளவு இடத்தில்தான் இருந்தது.

முதலில் துணி சுருங்க வேண்டும் என்றார். நனைத்துக் காயப்போட்டார். சுருங்கியது. "இன்னும் சுருங்க பாக்கி இருக்கு," என்று மறுபடி நனைத்தார். மூன்றாம் முறை அது சுருங்க மறுத்தபோது, "பிடிவாதம் பிடிக்குது, நம்பக் கூடாது," என்றார்.

அடுத்து வரைபடம். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் முதுகில் பென்சிலால் பாவாடையை வரைவார்: பை இடப்பக்கமா வலப்பக்கமா, நாடாவா கொக்கியா. இறுதியாக ஒன்று முடிவாகும். தாளைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் அந்த நாளுக்குரிய இராகுகாலம் அச்சிட்டிருக்கும். "நான் வரைஞ்ச நேரம் இதுக்குள்ளதான் விழுது," என்று அந்தப் படத்தைத் தள்ளுபடி செய்வார்.

பிறகு செய்தித்தாள். துணியை வெட்டும் முன் தாளில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று, மைதாப் பசையால் ஒட்டி, எட்டுக் கலியில் ஒரு காகிதப் பாவாடையை உருவாக்கினார். யானைகள் எப்படி வரும் என்று தெரிய, வழக்கப்படி மாற்றி மாற்றிக் குறித்த கலிகளில், வெட்டும் முன்பே, துணியில் உள்ளபடி ஆளுக்கொரு யானையை நிமிர்த்தி வரைந்திருந்தார். அதை உடுத்திக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இடுப்பில் உள்ளூர்ச் செய்தி, முழங்காலில் வரி விளம்பரம், கணுக்காலில் கிரிக்கெட். நான் நிமிர்ந்து நடந்தேன். மேடைப் பயிற்சி எங்கும் உதவும். மாமா படியேறி வந்தவர் அப்படியே நின்றார்.

"காலையில இருந்து பேப்பரத் தேடுறேன். இங்கிட்டா இருக்கு? திரும்புத்தா, ராசிபலன் பின்னாடியா இருக்கு?"

நான் திரும்பினேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "மீனத்துக்கு வீண் அலைச்சல்," என்று இறங்கிப் போனார்.

அத்தை சிரிக்கவில்லை. அவர் பார்வை என் முழங்காலில் நிலைத்திருந்தது. "ஏத்தா, பாதி யானை தலைகீழா நிக்குது," என்றார்.

அன்றுதான் சிக்கல் புலப்பட்டது. உள்பாவாடைக்குத் துணி வெறும் நிறம். தலை எது, கால் எது என்று அதற்குத் தெரியாது. யானைகளுக்குத் தெரியும். எல்லா யானைகளும் நிமிர்ந்து நடக்க வேண்டுமானால் எல்லாக் கலிகளையும் ஒரே திசையில் போட வேண்டும். அப்படிப் போட்டால் நான்கு கலிதான் தேறும். அந்த நான்கு கலிக்குள் அத்தை நுழைய முடியும். நுழைந்த பிறகு நடக்க முடியாது. மாற்றி மாற்றிப் போட்டால் எட்டுக் கலி தாராளமாகத் தேறும். ஆனால் பாதிக் கூட்டம் வானத்தில் கால் வைத்து நடக்கும்.

நான் வழி சொன்னேன். "கலியே வேண்டாம் அத்தை. நேராக வெட்டிச் சுருக்கு வைத்துவிடலாம்."

"சுருக்கு வச்சா இடுப்புல தலையணை கட்டுன மாதிரி இருக்கும். வேற சொல்லு."

"நடுநடுவே வெறும் துணி வைத்து ஒட்டுப் போடலாம்."

"ஒன்னு வாலை ஒன்னு பிடிச்சுப் போகுது. நடுவுல வெறுந்துணி வந்தா கூட்டம் பிரிஞ்சு போகும்த்தா."

இறுதியாக, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி எனக்கே உரிய உச்சத்தில் சொன்னேன்: "அங்கே பாருங்கள்! யானைமலையே எத்தனையோ காலமாகப் படுத்துக் கிடக்கிறது. யாராவது கேட்டார்களா? இரண்டு யானை தலைகீழாக நின்றால் மட்டும் என்ன?"

"மலை படுத்துக்கட்டும். என் இடுப்புல படுக்கக் கூடாது," என்றார்.

இவையெல்லாம் விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்தன, அம்மா ஒருநாள் கீழே வரும்வரை. இரத்தச் சிவப்புப் பாப்ளின் துணி ஒன்றை உள்பாவாடைக்குக் கொடுக்க வந்தவர், விரிந்து கிடந்த யானைத் துணியைப் பார்த்தார், விவரம் கேட்டார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மைனி, இந்த வயசுல பாவாடையா? மறுபடி சடங்கு வைக்கப் போறோமா? உங்க தம்பிக்குச் சொல்லி விடவா? தாய்மாமன் சீர் இல்லாட்டாலும் தம்பி சீராவது வரட்டும்!"

"ஆமா மைனி, என்னைய உக்கார வைக்க ஓலைக் குச்சு கட்டணும், மாடியில எடம் பாத்து வைங்க," என்று அத்தையும் சிரித்தார். அம்மாவை விடச் சத்தமாகச் சிரித்தார். ஆனால் அன்று மாலை நான் போனபோது துணி தரையில் இல்லை. பீரோவின் அடித்தட்டில், கொடைக்கானல் மஃப்ளருக்குக் கீழே, நான்காக மடிந்து கிடந்தது.

"என்ன அத்தை, வைத்துவிட்டீர்கள்?"

"இருத்தா. இன்னும் யோசிக்கல," என்றார். எப்போதும் முகம் பார்த்துப் பேசுகிறவர், அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துப் பேசினார்.

அம்மாவிடம் சண்டை போட்டேன். "லந்துக்குச் சொன்னேன்டி, அவங்களும்தான் சிரிச்சாங்க," என்றார் அம்மா. மறுநாள் அத்தையின் முன் நின்று, உடை மனிதரின் உரிமை என்ற பொருளில் முக்கால் மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளின் தலைசிறந்த உரைகளில் அதுவும் ஒன்று. அத்தை முழுவதும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. தீர்ப்பு நாளைக்கு."

"நான் ஒரு பக்கம்தானே பேசினேன்!"

"இன்னொரு பக்கத்த நான் மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தேன்."

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. இதற்கிடையில் நகரத்தில் ஒரு கல்லூரியில் நடக்கவிருந்த பெரிய சொற்போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நான் தேர்வானேன். தலைப்பு: வாழ்வை உயர்த்துவது திட்டமா, முயற்சியா? குலுக்கலில் எனக்குத் திட்டம் வந்தது. மாதக்கணக்கில் அத்தையிடம் திட்டத்தைச் சாடிப் பேசிவிட்டுத் திட்டத்தின் பக்கமே நிற்பதில் எனக்குக் கூச்சம் சிறிதும் இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் வெல்வேன் என்பதல்லவா என் பெருமை.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, ஒரு பிற்பகலில், இறுதி ஒத்திகைக்குக் கீழே போனேன். வியப்பு: யானைத் துணி வெளியே வந்திருந்தது. "பூச்சி அரிச்சிருமோன்னு எடுத்தேன். சும்மா அளந்து பாக்குறேன்," என்றார் கேட்காமலே. பக்கத்தில் அம்மாவின் பாப்ளின், வெட்டுவதற்காக மடித்தபடி இருந்தது. "உங்கம்மா நாலு தடவ கேட்டுட்டாங்க. நீ பேசு, நான் இதை வெட்டிப்புடுறேன்."

நான் தொடங்கினேன். அன்று குரல் வாய்த்திருந்தது. திட்டமிட்டுக் கட்டிய அணைகளையும் திட்டமின்றிக் கட்டிய பாலங்களையும் அடுக்கினேன். என் உரையின் முத்திரை வரி ஒன்று இருந்தது. அதை அத்தையின் துணியைப் பார்த்துத்தான் அமைத்திருந்தேன். கண்ணை மூடி, கையை உயர்த்தி, அதை முழங்கினேன்:

"தலைகீழாக நடக்கும் யானையைப் பார்த்ததுண்டா, நடுவர் அவர்களே? திட்டமில்லாத வாழ்வு அந்த யானை! ஊர் சிரிக்கும், உலகம் சிரிக்கும்!"

கைதட்டலுக்கு விடும் இடைவெளியை விட்டேன். அந்த இடைவெளியில் கத்திரிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. சரக், சரக். பிறகு நின்றது.

கண்ணைத் திறந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் போல. பிறகு பக்கத்தில் பார்த்தார். பாப்ளின் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஏத்தா," என்றார் மெதுவாக. "உங்கம்மா துணி அந்தா இருக்கு. அப்ப இது?"

இருவரும் தரையைப் பார்த்தோம். எட்டுக் கலி. பிசிறில்லாமல், அழகாக, இருபது ஆண்டுப் பழக்கத்தின்படி மாற்றி மாற்றி. நான்கில் யானைகள் நடந்தன. நான்கில் யானைகள் தொங்கின.

எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் ஏழு நிமிடம் பேசக்கூடிய நான் உயர்த்திய கையை இறக்கினேன். அத்தை துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, அடுக்கினார். "போத்தா. போய்ப் படி," என்றார். வாசலைத் தாண்டும்போது மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

இரண்டு நாள் தையல் இயந்திரம் ஓடவில்லை. படியில் எதிர்ப்பட்ட மாமா, "ரெண்டு நாளா குழம்புல உப்பு இல்ல. நான் கேட்டுக்கிறல," என்றார். மூன்றாம் நாள் இயந்திரம் ஓடியது. அம்மாவின் உள்பாவாடை என்றே நினைத்தேன்.

போட்டி நாள். அரங்கம் நிறைந்திருந்தது. எனக்கு முன் பேசியவர் முயற்சியின் பக்கம் நின்று நன்றாகத்தான் கத்தினார். என் பெயர் அழைக்கப்பட்டு ஒலிவாங்கியின் முன் போய் நின்று, வழக்கம்போல அவையை இடமிருந்து வலமாக ஒருமுறை அளந்தேன். மூன்றாம் வரிசையில் என் பார்வை தடுக்கியது. நடைபாதையோரம், வெள்ளைச் சட்டையும் வைக்கோல் நிறப் பாவாடையுமாக அத்தை உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால் போட்டிருந்தார். ஒரு கலியில் யானைகள் நடந்தன. அடுத்த கலியில் அவை தொங்கின. பின்வரிசை மாணவிகள் எட்டிப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

பேசத் தொடங்கினேன். அணைகள் வந்தன, பாலங்கள் வந்தன. முத்திரை வரியும் தன் முறைப்படி தொண்டைக்கு வந்து சேர்ந்தது. "தலைகீழாக..." என்று வாயைத் திறந்தேன். ஊர் சிரிக்கும் என்ற அந்த வரியைக் கேட்க, ஊர் அவரைச் சுற்றி நிறைந்து உட்கார்ந்திருந்தது. வாயை மூடினேன். அந்த வரியை எடுத்துவிட்டால் அடுத்ததற்குப் போகப் பாலம் இல்லை. அதை நான் திட்டமிடவில்லை. அரங்கம் காத்திருந்தது. ஒரு பெருமூச்சு, ஓர் இருமல், ஒரு மிடறு தண்ணீர். அதன்பின் எதையோ சொல்லி இறங்கினேன். முதல் பரிசு முயற்சிக்குப் போயிற்று. இரண்டாம் பரிசும் அப்படியே. எனக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதுவரை என் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை.

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். வந்தது மாமாவின் பேருந்து. அது வரும் நேரம் அத்தைக்குத் தெரியும், அதற்கேற்பவே போனோம். அத்தை தடுக்காமல் ஏறினார். மாமா அவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மகளிர் டிக்கெட், காசு இல்ல. இந்த யானைக்கெல்லாம் எடுக்கணுமே?"

"எல்லாம் பொம்பள யானைதான், விசிலக் குடுங்க."

முன் இருக்கைப் பெண் திரும்பி அந்தப் பாவாடையையே பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, பை இருக்கா இதுல?" என்றாள். அத்தை கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது பொறாமை, ஐயமில்லை.

மாட்டுத்தாவணி தாண்டியதும் அத்தை கேட்டார்: "அந்த யானை வரியை ஏன்த்தா விட்டுட்ட? அதுதான நல்லா இருக்கும்?"

"மறந்துவிட்டது அத்தை."

"பொய் சொல்லாத. நீ மறக்குற ஆளா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணெதிரே, பக்கத்து இருக்கையில், அவருடைய மடி. அப்போதுதான் கவனித்தேன். மேடையிலிருந்து பார்த்தபோது நிமிர்ந்து நடந்த யானைகள் இங்கிருந்து பார்க்கத் தலைகீழாகக் கிடந்தன. அங்கிருந்து பார்க்கத் தொங்கிய யானைகளோ, அவர் மடியில், ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி, நேராக, அமைதியாக நடந்துகொண்டிருந்தன. குட்டி மட்டும் வேறெங்கோ பார்த்தது.

"பாத்துட்டியா?" என்றார் அத்தை. "கை தப்பிருச்சேன்னு ரெண்டு நாள் அழுதேன். சரி, கெட்டது கெட்டுப்போச்சு, தச்சாவது பாப்பமேன்னு தச்சேன். மாட்டிக்கிட்டுக் குனிஞ்சேன். எனக்கு நேரா நின்னுச்சு."

நான் எழுந்து நிற்கவில்லை, கையை உயர்த்தவில்லை. மெல்லக் கேட்டேன்: "நடுவர் அவர்களே, தீர்ப்பு?"

அத்தை சட்டையைச் சரிசெய்துகொண்டார். பைக்குள் கையை விட்டுத் துழாவி, கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து, பாதியை உடைத்து என் சான்றிதழின் மேல் வைத்தார்.

"பாதி யானை ஊருக்கு நேரா நடக்குது. பாதி எனக்கு நேரா நடக்குது. தீர்ப்பு சொல்லியாச்சு. தின்னு."